பாவித்த பரடைம் ஸ்டூடியோவா, புது கெஃப் எல்எஸ்50 மெட்டாவா?

பேஸ்மென்ட்வாசி

வணக்கம். பாட்டுக் கேட்க ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கப் பார்க்கிறேன். கனடாவில், ஸ்காபரோவில் பேஸ்மென்ட் வீட்டில் இருக்கிறேன். ஹோல் 11க்கு 16 அடி, உயரம் 7 அடிதான். மேலே வீட்டுக்காரர் குடும்பம். கையில் என்ஏடி கம்பனியின் அம்ப் (ஒலிபெருக்கி) ஒன்று இருக்கிறது, பக்கத்துக்கு 50 வாட். கேட்பது நாதஸ்வரம், வயலின், 80களின் தமிழ்ப்பாட்டு. படம் பார்க்க வேறு ஏற்பாடு உண்டு. இது பாட்டுக்கு மட்டும்.

புது கெஃப் எல்எஸ்50 மெட்டாவைக் கடையில் கேட்டேன். பாடுபவரின் குரல் நடுவில் வந்து நிற்கிறது, மனதை விட்டுப் போகவில்லை. அதற்குள் மார்க்கம் நகரில் ஒருவர் பரடைம் ஸ்டூடியோ 60 என்ற ஸ்பீக்கரில் ஒரு சோடி விற்கிறார், நிலத்தில் நிற்கும் உயரமான பெட்டிகள். புது கெஃப் விலையில் பாதியும் இல்லை. ஆனால் வயது இருபதுக்குக் கிட்ட. இவ்வளவு பழசை நம்பி வாங்கலாமா? போனால் எதைப் பார்க்க வேண்டும்?

பிக்கரிங் அண்ணா

தம்பி, நான் என்றால் பரடைமைத்தான் போய்ப் பார்ப்பேன்.

ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சிச் சபையில் ஃபிளாய்ட் டூல் என்பவர் 1965இலிருந்து 1991 வரை வேலை செய்தார். ஸ்பீக்கர்களை எதிரொலி இல்லாத அறையில் வைத்து அளந்தார். பிறகு அவற்றைத் திரைக்குப் பின்னால் மறைத்து, கம்பனியும் விலையும் தெரியாமல் ஆட்களைக் கேட்க வைத்தார். முன்னால் வரும் ஒலி மேடுபள்ளம் இல்லாமலும், பக்கவாட்டில் போகும் ஒலி அதே சாயலிலும் இருந்த ஸ்பீக்கர்களுக்கே பெரும்பாலானோர் கூடப் புள்ளி போட்டார்கள். பிஎஸ்பி, பரடைம், எனர்ஜி, மிராஜ் ஆகிய கனேடிய ஸ்பீக்கர் கம்பனிகள் எல்லாம் அந்த ஆய்வின் பலனை எடுத்து வளர்ந்தவை. நல்ல ஸ்பீக்கர் எப்படி இருக்க வேண்டும் என்பது அப்போதே விளங்கிவிட்டது. அதனால் இருபது வயது ஸ்பீக்கரை இருபது வயது ரீவி போல நினைக்காதே. ஒன்டாரியோவில் இருக்கிற எங்களுக்கு இவை பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கின்றன, அனுப்பும் செலவும் இல்லை. இந்த வசதியை எங்கள் ஆட்கள் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை.

போகும்போது ஃபோன் லைட்டும், மின்தடையை ஓமில் அளக்கும் ஒரு மல்ட்டிமீற்றரும் கொண்டு போ. முதலில் கோனை, அதாவது ஒலிக்கும்போது அதிரும் கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தைப் பார். றப்பர் என்றால் நீண்டகாலம் தாங்கும். ஃபோம் என்றால் 15, 20 வருடத்தில் பொடியாகத் தொடங்கும். மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லு. அடுத்து இரண்டு பெருவிரலாலும் கோனின் இரு பக்கத்தையும் சமனாக, மெதுவாக அழுத்து. உராயும் சத்தம் வந்தால் உள்ளே கொயில் தேய்கிறது, விட்டுவிட்டு வா. ட்வீட்டரில், அதாவது மேல் ஒலி தரும் சின்னப் பாகத்தில் கை வைக்காதே, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேள். பின்னால் நான்கு முனைகள் இருந்தால் அவற்றை இணைக்கும் தகடுகள் இருக்கின்றனவா என்று பார். தகடு கழன்ற பெட்டியில் மேல் ஒலியோ கீழ் ஒலியோ வராது. அதைப் பழுது என்று நினைத்து அடிமாட்டு விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். வயரைக் கழற்றிவிட்டு இரண்டு பெட்டிகளின் ஓமையும் அள. 8 ஓம் என்று எழுதியது மீற்றரில் 6 அளவில் காட்டுவது வழமை. எண் முக்கியமில்லை, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியாக மோனோவில் (இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி) ஒரு குரலைப் போட்டு நடுவில் நில். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஏன் என்று கண்டுபிடிக்காமல் காசு கொடுக்காதே.

ஒரு எச்சரிக்கை. எனர்ஜி, மிராஜ் இரண்டும் 2006இல் கிளிப்ஷ் என்ற அமெரிக்கக் கம்பனியின் கைக்குப் போய்விட்டன. ஒரு ட்வீட்டர் எரிந்தால் பாகம் தேடி அலைய வேண்டும். பரடைமும் பிஎஸ்பியும் இன்னும் இயங்குகின்றன. தொடர் இலக்கத்தைச் சொல்லி, பாகம் இருக்கிறதா என்று வாங்குமுன் கேட்கலாம்.

மொன்றியல் அக்கா

பிக்கரிங் அண்ணா சொன்ன சோதனைகள் அத்தனையும் சரி. ஆனால் தம்பியின் வீட்டுக்கு நான் கெஃப்பைத்தான் சொல்வேன்.

7 அடி உயரம், மேலே குடும்பம். பெரிய பெட்டி சுவருக்கு இரண்டு, மூன்று அடி முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் அடி ஒலி (பேஸ்) குமுறும். 11 அடி ஹோலில் நடக்க இடம் எங்கே? எல்எஸ்50 மெட்டாவில் ட்வீட்டர் கோனின் நடுவிலேயே இருப்பதால் கிட்ட இருந்து கேட்டாலும் ஒலி பிரிந்து கேட்காது. 1 வாட்டுக்கு 1 மீற்றரில் 85 டெசிபெல், குறைவுதான். இருந்தாலும் 50 வாட்டில் 102 வரை போகும், அந்த அறைக்குத் தாராளம். குறை ஒன்று: அதன் ஒலி சமனாக நிற்பது கீழே 79 ஹேர்ட்ஸ் வரைதான், அதற்கும் கீழான அடி ஒலி குறைந்துவிடும். தவிலின் அடி நெஞ்சில் விழாது. ஆனால் வீட்டுக்காரரின் நித்திரையும் கெடாது! ஸ்டாண்டுக்கும் காசு எடுத்து வை. கடைகளில் காட்சிக்கு வைத்த சோடி விலை குறைத்துத் தருவார்களா என்றும் கேள், உத்தரவாதமும் சேர்ந்து வரலாம்.

பேஸ்மென்ட்வாசி

இருவருக்கும் நன்றி. மார்க்கம் போய்விட்டு வந்தேன். வளையங்கள் றப்பர், நல்லாயிருக்கின்றன. உராய்வு இல்லை. ஆனால் மீற்றர் ஒன்றில் 3.4 ஓம், மற்றதில் 6.5 காட்டுகிறது. விற்பவர் இரண்டும் பாடுகிறதுதானே என்கிறார். நாதஸ்வரம் அதில் கேட்டபோது எழும்பி வர மனமில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

பிக்கரிங் அண்ணா

அந்த வித்தியாசம் சும்மா வராது. பெட்டிக்குள் அடி ஒலி தரும் இரண்டு வூஃபர்களைச் சமாந்தரமாக இணைத்திருந்தால், ஓம் பாதியாகத்தான் காட்டும். அப்படியென்றால் 6.5 காட்டும் பெட்டியில் ஒன்று செத்துப்போயிருக்கும். மற்றது பாடுவதால் அவருக்குத் தெரியவில்லை. அடி ஒலியுள்ள பாட்டைப் போட்டு இரண்டு கோனிலும் விரல்நுனியை மெதுவாக வை. ஒன்று தானாக அதிராமல் மற்றதன் காற்றுக்கு மட்டும் ஆடும். விற்பவருக்கும் தொட்டுக் காட்டு. பரடைமிடம் அந்த வூஃபரின் விலையைக் கேட்டு, அதையும் இன்னும் கொஞ்சத்தையும் கழித்துத் தந்தால் வாங்கு. பாகம் இல்லை என்றால் வேண்டாம். அக்கா சொன்ன காட்சிச் சோடியைத் தேடு.