வெறுங்காலில் ஓடலாமா?

கேள்வி: மெரினா மணலில் மூன்று வாரமாக வெறுங்காலோடு ஓடுகிறேன். உடம்பு லேசாக இருக்கிறது. ஆனால் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஊசி குத்துகிற வலி. ஷூவுக்கே திரும்பிவிடவா?

பதில்: எனக்கும் இதே வலி வந்தது அண்ணா. குதிகால் புதைகிற உலர்ந்த மணலில் ஓடியதுதான் காரணம். ஓட்டத்தை நிறுத்தி, ஷூ போட்டு மட்டும் நடந்தேன். வலி போன அப்புறம் அலை நனைத்த கெட்டி மணலில் பத்து நிமிடம், வாரம் இரண்டு நாள். இப்போது வலி இல்லை.

பதில்: அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு வென்றார். 1964 டோக்கியோவில் ஷூ போட்டு வென்றார். இரண்டும் சரிதான்.

பதில்: சர்க்கரை இருக்கிறதா? அப்பாவுக்குப் பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறியதே தெரியவில்லை. பாயில் ரத்தக்கறை பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். சர்க்கரை இருந்தால் தயவுசெய்து ஷூ போடுங்கள்.