டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்: குடும்ப வரலாற்றுக் குழுவிலிருந்து

சங்க உறவுகள் எல்லாருக்கும் இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து வணக்கம். இங்கே மழை விட்டபாடில்லை.

டொரொண்டோ அண்ணன் ஒரு கேள்வி கேட்டிருந்தார். காசு கட்டினால் வம்சாவளி தேடித் தரும் வெப்சைட்டுகளில் சேர்ந்தால் தேயிலைத் தோட்டத்து நம் ஆட்களின் பெயர் ஏதாவது வருமா என்று. அவருக்குத் தனியாக எழுதலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் நீலகிரிக் கூடலூரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் இதே மாதிரிக் கேள்விகள் வந்திருப்பதால் எல்லாருக்குமாகச் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

அண்ணே, காசைக் கட்டாதீர்கள். அங்கே தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் குடும்பங்கள் ஒழுங்காகக் கிடைக்கும், அவர்களுக்கு சேர்ச் பதிவேடு இருந்தது, கல்லறை இருந்தது. இந்தத் தீவில் இருக்கும் வெள்ளைக்காரர் கல்லறைகளில் என்ன பொறித்திருக்கிறது என்று 1913லேயே கொழும்பில் புத்தகமாக அச்சடித்துவிட்டார்கள். பெர்குசன் டைரக்டரி என்ற பழைய விவரப் புத்தகத்தை எடுத்தால் நம் தோட்டம் எத்தனை ஏக்கர், யார் சொந்தக்காரர், யார் துரை என்று வருஷா வருஷம் போட்டிருக்கும். லண்டன் கியூவில் உள்ள ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 54 என்ற வரிசையில் இலங்கைக் கவர்னர்மார் அனுப்பிய கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அதிலெல்லாம் நாமும் இருக்கிறோம், ஆனால் இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை பிள்ளை என்று தலைக்கணக்காக. பெயர் கிடையாது.

நம் பெயரை யார் எப்போது எழுதினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நமக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்தபோது, கடன் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தபோது, இந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தபோது, கப்பலில் ஏற்ற வேண்டியிருந்தபோது. அந்தக் காகிதங்கள்தான் நமக்கு வம்சாவளி. அவை காப்பகங்களில் இருப்பதைவிட நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில்தான் அதிகம் இருக்கின்றன, அதுவும் குடும்பம் பிரிந்த மாதிரியே காகிதமும் பிரிந்து கிடக்கிறது. தாத்தாவின் பத்திரம் கோத்தகிரியில், பாட்டியுடையது மஸ்கெலியாவில், சின்னத் தாத்தாவுடையது கிளிநொச்சிப் பக்கம். இந்த மடற்குழு ஒன்றில்தான் மூன்று பக்கத்து ஆட்களும் ஒன்றாக இருக்கிறோம்.

முதலில் பிறப்புப் பத்திரம். பழைய பத்திரம் யாரிடம் இருந்தாலும் கையில் எடுத்துப் பாருங்கள். பிள்ளை பெயர், தகப்பன், தாய் எல்லாம் தாண்டிக் கீழே வந்தால், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்கடுத்து பூட்டனாருக்கும் ஒரு கட்டம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்தாரா, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது, அந்தக் கேள்விதான் அப்படியே கட்டமாகப் பத்திரத்தில் குந்தியிருக்கிறது. நம் ஆட்களுடைய பத்திரங்களில் பெரும்பாலும் அங்கே மையால் ஒரு கோடு இழுத்திருக்கும். என்னிடம் வந்த 1950களின் பத்திரம் ஒன்றில் அந்தக் கோடு இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறது, பேனாவை எடுக்கக்கூட இல்லை. கோட்டைப் பார்த்துவிட்டு தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்தக் குடும்பத்துத் தாத்தா இதே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர் என்று மூன்று பேர் சொல்கிறார்கள், அத்தாட்சிக் காகிதம் இல்லை, அதனால் கோடு. அப்புறம், தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் ஆங்கிலப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம், தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி மேலிடத்துக்கு அறிவித்தது துரைதான்.

வவுனியா தங்கச்சி, இடம்பெயர்வில் எல்லாம் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கையில் இருந்தது பிரதிதான், பதிவேடு இங்கே இருக்கிறது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களின் பழைய பதிவுகளுக்கு அம்பகமுவ பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும், அது கினிகத்தேனையில் இருக்கிறது. சரியான தேதி தெரியாவிட்டாலும் உத்தேசமான காலத்தைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம். காலத்தை எப்படிக் குறுக்குவது என்றால், அம்மாவின் பழைய அடையாள அட்டை எண் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆனால் பிறப்பே பதியாமல் உத்தேச வயதுச் சான்றிதழ் வைத்து அட்டை எடுத்தவர்களுக்கு இது சரிவராது, அந்தத் தேதி ஆபீசில் யாரோ போட்டது.

அடுத்தது பிரஜாவுரிமை மனு. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள், கல்யாணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முந்தைய 7 வருடம், ஆகாதவர் என்றால் 10 வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததாகக் காட்ட வேண்டும். 1951 ஆகஸ்ட் வரை கிட்டத்தட்ட 2 இலட்சத்து 37 ஆயிரம் மனு போனது. எழுதப் படிக்கத் தெரியாத ஆட்கள் எந்த வருஷம் எந்தத் தோட்டத்தில் இருந்தோம், எங்கே கல்யாணம், எங்கே பிள்ளை பிறந்தது என்று யாரையோ பிடித்து எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலான மனுக்கள் தள்ளுபடியானது வேறு கதை, அதைப் பற்றிப் பேசினால் இரவாகிவிடும். ஆனால் அந்த மனுவின் பிரதியோ, வந்த பதில் கடிதமோ, கிழிந்த கவரோ எதுவாக இருந்தாலும் நமக்கு வேண்டும்.

இப்போது கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் உறவுகளுக்கு. 1964 அக்டோபர் 30 இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் பிரஜாவுரிமை இல்லாத நம் ஆட்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு போட்டது, 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சத்தை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அப்படிப் போனவர்களுக்குக் கண்டி இந்தியத் தூதரக அலுவலகத்தில் குடும்ப அட்டை கொடுத்தார்கள். அதோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் தங்கி, தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களுக்கோ வேறு எங்கோ போனவர்களிடம் அந்த அட்டை இன்னும் இருக்கிறது. கூடலூர் மாமா படம் எடுத்து அனுப்பியதில் குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள் வயதோடு வரிசையாக இருக்கிறார்கள், இந்தியாவில் சொந்த ஊர் எது என்பதற்கும் பதில் எழுதியிருக்கிறது, தாலுகாவோடு. இதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. அவருடைய பெரியப்பா பிள்ளைகள்தான் இங்கே தோட்டத்து மேல் டிவிசனில் (பிரிவில்) இருப்பவர்கள், பூர்வீக ஊர் தெரியாது என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கான பதில் நீலகிரியில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்திருக்கிறது. போனவர்களிடம் ஊர்ப் பெயர் கேட்டார்கள், இருந்தவர்களிடம் கேட்கவில்லை. ஆகவே கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் வெப்சைட்டுக்குக் கட்டும் காசில் நீலகிரிக்கு ஒரு போன் எடுங்கள்.

ஊர்ப் பெயர் கிடைத்தாலும் அவசரப்பட வேண்டாம். பழைய காகிதத்தில் திருச்சி ஜில்லா என்று இருந்தால் அது இன்றைக்குக் கரூராகவோ பெரம்பலூராகவோ அரியலூராகவோ இருக்கலாம், சேலம் என்றால் நாமக்கல்லாகவோ தர்மபுரியாகவோ இருக்கலாம். தாலுகா பெயரைப் பிடித்துக்கொண்டு போவதுதான் நல்லது. பெயர்களிலும் இதே தொல்லை. லெட்சுமி என்ற ஒரு பெயரை ஆபீஸ் கிளாக்கர்மார் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். கூப்பிடும் பெயர் ஒன்று, பேர் பதிந்தது வேறொன்று. முனியாண்டி என்று எல்லாருக்கும் தெரிந்தவர் பத்திரத்தில் சுப்பிரமணியமாக இருப்பார். இரண்டையும் எழுதி வையுங்கள்.

தோட்டத்து செக்ரோல் புத்தகங்களை, அதாவது பெயர் போட்டுக் கூலிக் கணக்கு எழுதியவற்றை, பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு வரியில் சொல்கிறேன்: 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோதும் 1992இல் கம்பெனிகளுக்குக் கைமாறியபோதும் பழையவை எங்கே போயின என்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.) 1958இல் தொடங்கியதால் அதற்குப் பிறகு வேலை செய்தவர்களுக்கு அந்தக் காகிதம் உதவும். அதற்கு முன் என்றால் பற்றுச்சீட்டு, துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறும்போது கடன் கணக்கோடு கொடுத்த துண்டு முறையை 1921இல் ஒழித்துவிட்டார்கள், ஆகவே அப்படி ஒன்று யார் வீட்டிலாவது இருந்தால் அது நூறு வருடத்துக்கு மேற்பட்டது. லேமினேட் பண்ணிவிடாதீர்கள், தயவுசெய்து. இந்தியாவிலிருந்து வரும்போது கழுத்தில் கட்டிக்கொண்டு வந்த தகரத் துண்டு இருந்தால் அதைத் தேய்த்துத் துலக்கவும் வேண்டாம்.

காகிதம் எதுவும் இல்லாதவர்கள் மனதை விட வேண்டியதில்லை. கோவில் மணியில், குத்துவிளக்கின் அடியில் உபயம் என்று போட்டுப் பெயர் வெட்டியிருக்கும், நம் கோவிலில் உள்ளதை இளைஞர்கள் படம் எடுத்துவிட்டார்கள். காமன் கூத்தில் ரதி வேஷமும் மன்மதன் வேஷமும் எந்த வீட்டுக்கு வழிவழியாக வந்தது என்று கூத்து வாத்தியாருக்குத் தெரியும். வேதக்காரக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கலாம், அங்கிலிக்கன் சபையின் தமிழ் கூலி மிஷன் 1854இலேயே தோட்டங்களுக்குள் வந்துவிட்டது. இந்தப் பெயரில் ஒரு மிஷன் நடத்தினார்களே என்று ஆத்திரப்படுகிறவர்கள் படலாம், ஆனால் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

பெரியவர்களிடம் பேசும்போது பூர்வீகம் எது என்று நேராகக் கேட்டால் தெரியாது என்ற பதில்தான் வரும். கீழ் டிவிசன் பெரியம்மா ஒருவரும் அப்படித்தான் சொன்னார், வெற்றிலையை மடித்துக்கொண்டே. சரி, குலசாமி எது, யாருக்குக் கெடா வெட்டினீர்கள் என்று கேட்டோம். மடிப்பது நின்றது. சாமி பெயர், அது ஆற்றுக்கு எந்தப் பக்கம், பங்காளிகள் எத்தனை வீடு, பிடிமண் யார் மடியில் கட்டிக்கொண்டு வந்தது என்று வரிசையாக வந்தது, கடைசியில் துறையூர்ப் பக்கம் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. ஆகவே ஆள் திரட்டிக் கூட்டி வந்த எந்தக் கங்காணியோடு வந்தார்கள், எந்த லயம், பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) யார், குலசாமி எது, இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள், செய்வதை அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சாதியைப் பற்றி இரண்டு பேர் தனி மடலில் கேட்டிருந்தீர்கள். பொது அட்டவணையில் அந்தக் கட்டம் இருக்காது. பழைய பத்திரத்தில் இருந்தால் பத்திரம் பத்திரமாகவே இருக்கட்டும், அழிக்கவும் மாட்டோம், எடுத்து எழுதவும் மாட்டோம். குழுவில் இதற்கு எதிர்ப்பு உண்டு என்று தெரியும், அடுத்த சூம் கூட்டத்தில் பேசலாம், என் வாக்கு மாறாது. அதேபோல் உயிரோடு இருப்பவர்களின் அடையாள அட்டை எண், தாயின் பெயர், பிறந்த தேதி இதெல்லாம் தெரிகிற படங்களைக் குழுவில் போடாதீர்கள். வங்கிக்காரன் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் அதில்தான் இருக்கிறது.

எச்சில் குப்பி அனுப்பி மரபணு பார்ப்பது பற்றி: விருப்பம் இருந்தால் செய்யுங்கள். துறையூர்ப் பக்கத்து ஆட்கள் அங்கே எச்சில் கொடுத்திருந்தால்தானே பொருத்தம் காட்டும்.

வெளியே பார்க்க வேண்டியவை என்றால், நூலகம் இணையத்தளத்தில் மலையகம் சம்பந்தமான பழைய இதழ்களும் மலர்களும் இலவசமாக இருக்கின்றன. கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய பத்திரிகைகள் உண்டு, வீரகேசரி 1930இல் தொடங்கியது, மரண அறிவித்தல்களைப் பாருங்கள், பிள்ளைகள் மருமக்கள் எல்லாரும் ஊரோடு வரிசையில் இருப்பார்கள். விடுமுறைக்கு வருகிறவர்கள் கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் உள்ள தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பழைய லயத்திலேயே வைத்திருக்கிறார்கள், எங்கள் வீட்டிலிருந்த உரலும் இப்படித்தான் என்று ஏதாவது ஒன்றைப் பார்த்துச் சொல்லாமல் வர மாட்டீர்கள்.

2023இல் நம் ஆட்கள் இங்கே வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதில் நடந்த நம் பிள்ளைகள்தான் இப்போது புதைகாட்டு வரைபடம் போடுகிறார்கள். கல் இல்லாத குழிகள்தான் அதிகம். யார் எங்கே என்று சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது இருப்பது சிலர்தான், அவர்களையும் கைத்தாங்கலாக அழைத்துப் போக வேண்டும், மழை விட்டால்தான் முடியும்.

படம் எடுக்கும்போது பிளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் எடுங்கள், பின்பக்கத்தில்தான் பெரும்பாலும் பென்சிலால் ஏதாவது எழுதியிருக்கும். வாட்சப்பில் சாதாரணமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடுகிறது, டொக்யுமென்டாக அனுப்புங்கள். படத்தோடு யாருடையது, இப்போது யாரிடம் இருக்கிறது, எந்த டிவிசன் எந்த லயம் என்று ஒரு வரி போதும். டொரொண்டோ அண்ணே, உங்கள் அப்பாவின் குடும்பத்தில் பாதிப்பேர் கோத்தகிரிக்குப் போனவர்கள்தானே, அத்தையின் நம்பர் கூடலூர் மாமாவிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.