ரெண்டரை நூலும் எட்டு எம்எம்மும் ஒண்ணு இல்ல: சீட்டு போல்ட்டால நான் பட்ட பாடு

தண்டையார்பேட்டை ஸ்பேனர்

போன பௌர்ணமி அன்னிக்கு பைக்ல அம்மாவ பின்னாடி உக்கார வச்சுக்கினு திருவொத்தியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்க்கினு இருந்தேன், அம்மா எப்பவும் ஒரு பக்கமாதான் உக்காருவாங்க, தேரடிகிட்ட ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி எறங்குனதும் சீட்டு அப்படியே நாலு விரக்கடை நகந்துருச்சு. அம்மா என் சட்டையப் புடிச்சு இழுத்ததுல காலர் பட்டன் தெறிச்சுது. நல்லவேளை ஸ்பீடு இல்ல, கூட்டத்துல உருட்டிக்கினுதான் போனேன், யாருக்கும் ஒண்ணும் ஆவல.

குனிஞ்சு பாத்தா பின்னாடி ரெண்டு போல்ட்ல இடது பக்கத்து ஆளையே காணோம், வலது பக்கம் பாதி கழண்டு வளைஞ்சு நிக்குது, டேங்குகிட்ட இருக்கற கொக்கிதான் சீட்ட புடிச்சு வச்சிருந்துச்சு. பக்கத்துல பஞ்சர் போடற அண்ணன் பழைய டியூப்ப நீட்டமா கிழிச்சு சீட்டையும் பின்னாடி கம்பியையும் சேத்து நாலு சுத்து சுத்திக் கட்டிக் குடுத்தார், காசு நீட்டுனா வாங்கல. கோயில் முடிஞ்சதும் அம்மா "நீ அத்த ஓட்டிக்கினு வா, நான் மெட்ரோல போய்க்கறேன்"னு கிளம்பிட்டாங்க.

இதுவரைக்கும் கூட பரவால்ல, அதுக்கப்புறம் நான் செஞ்சதுதான் கூத்து.

மறுநாள் வலது பக்கத்து போல்ட்ட கழட்டி எடுத்துக்கினு ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கையில வாங்கி ஒரு பார்வை பாத்தார், "ரெண்டரை நூல்தான் தம்பி, போட்டு முறுக்கு"ன்னு ரெண்டு போல்ட்ட பொட்டலம் கட்டிக் குடுத்துட்டார். வீட்ல வந்து மாட்டுனா கையிலயே ரெண்டு சுத்து சோக்கா போச்சு, அப்புறம் டைட்டு. பழசுக்கு பன்னெண்டு ஸ்பேனர் போட்டேன், புதுசுக்கு பதிமூணு வேண்டியிருந்துச்சு, அதுவும் லேசா ஆட்டத்தோட. அங்கயே முழிச்சிருக்கணும். நான் என்ன பண்ணேன், துருதான் புடிக்குதுன்னு நெனச்சு ஸ்பேனர்ல பைப்ப சொருகி ஒரு மிதி மிதிச்சேன். கிர்ர்ருனு ஒரு சத்தம், அப்புறம் வெண்ணெய் மாதிரி எறங்குச்சு. நானும் ஜெயிச்சுட்டேன்னு அடுத்த பக்கத்தையும் அதே மாதிரி முறுக்க ஆரம்பிச்சுட்டேன், பைப்பு நழுவி முட்டியில பட்டதால அது தப்பிச்சுது.

மறுநாளே இடது பக்கம் மறுபடி ஆட்டம். வண்ணாரப்பேட்டைல தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட போனேன். அவர் போல்ட்ட வெரல்ல சுத்தி வெளிய எடுத்தார், மரையில இரும்புத் தூள் சுருள் சுருளா ஒட்டிக்கினு இருக்கு. "இன்னா தம்பி, இஞ்சு போல்ட்ட எம்எம் நட்டுல ஏத்திக்கினு இருக்க"ன்னார்.

விஷயம் இதுதான். ஒரு நூல்னா எட்டுல ஒரு இஞ்சு, ரெண்டரை நூல் 5/16 இஞ்சு, அதாவது 7.94 எம்எம். என் வண்டி போல்ட் 8 எம்எம். பக்கத்துல பக்கத்துல வச்சா எந்த மகராசனுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா மரை வேற. கடையில சாதாரணமா கெடைக்கற இஞ்சு போல்ட்ல ஒரு இஞ்சுக்கு 18 மரை, ஒரு சுத்துக்கு 1.41 எம்எம் எறங்கும். நம்ம வண்டியோடது ஒரு சுத்துக்கு 1.25. மொத ரெண்டு சுத்து ஒத்துப் போற மாதிரி போயி அப்புறம் ஒண்ண ஒண்ணு கடிக்குது. மெக்கானிக் சொன்னது, சட்டைல மேல் பட்டன ஒரு ஓட்டை மாத்திப் போட்டா கடைசி பட்டன்லதான தெரியும், அந்த மாதிரி.

வலது பக்கத்து நட்டுல 8க்கு 1.25 டேப்ப, அதான் மரை வெட்டற கருவிய, விட்டு மரைய சரி பண்ணிட்டார். இடது பக்கம் மொத்தமா வழிச்சுக்கினு போயிருந்துச்சு, அந்த நட்டு பிரேம்லயே வெல்டு பண்ணது, அத்த அறுத்துட்டு புதுசு வெல்டு வச்சார். அதுக்கு முன்னாடி பெட்ரோல் டேங்க கழட்டி தூரமா வச்சார், பேட்டரி ஒயரையும் பிடுங்கிட்டார். ரெண்டையும் செய்யாம வெல்டிங் தட்டுற ஆளுகிட்ட வண்டிய விடாதீங்கபா.

போல்ட் தலையில 8.8னு பலத்தோட நம்பர் குத்தியிருக்கறதா பாத்து வாங்கியாரச் சொன்னார். நீளமும் பழசு அளவுதான், நீட்டமா போட்டா உள்ள போற ஒயர்ல போய் உரசும். மரைய பெட்ரோல்ல தொடச்சு, நீல கலர் லாக்டைட், மரை கழலாம புடிக்கற பசை, ரெண்டே சொட்டு. செவப்பு போட்டா அப்புறம் சூடு காட்டுனாதான் வரும், பஞ்சு சீட்டுக்கும் டேங்குக்கும் நடுவுல எங்க சூடு காட்றது? லாக்டைட் போட்டா கிரீஸ் கிட்டயே வரக்கூடாது, புடிக்காது.

முக்கியமா, போல்ட் ஏன் கழண்டுச்சுன்னு பாத்தா சீட்டுக்கு அடியில இருக்கற ரப்பர் புஷ் நாலுல மூணு இல்ல. ரப்பர் இல்லாம சீட்டு பிரேம் மேல டக்கு டக்குனு குதிச்சா எந்த போல்ட்டும் நிக்காது. கண்டெய்னர் லாரி ஓடி ஓடி அலை மாதிரி ஆன நம்ம ரோட்ல கேக்கவே வேணாம்.

எர்ணாவூர் 57

அண்ணே எனக்கு வேற கதை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்துல வண்டி முழுகி கெடந்துச்சு, அந்த தண்ணியோட எண்ணெயும் கலந்து வந்துச்சே, அதுலதான். எஞ்சின், கார்புரேட்டர் எல்லாம் பாத்தேன், சீட்ட கழட்டவே இல்ல. ஆறு மாசம் கழிச்சு கழட்டப் போனா போல்ட் தலை மட்டும் கையில வந்துருச்சு, தண்டு உள்ளயே. சீட்டு பஞ்சு ஸ்பான்ஜ் மாதிரி தண்ணிய குடிச்சு வச்சிருக்கு, கொஞ்சம் கொஞ்சமா போல்ட் மேலதான் சொட்டியிருக்கு போல. டிரில் போட்டு எடுக்க அரை நாள் ஆச்சு. இப்ப மழைல நனைஞ்சா சீட்ட கழட்டி மாடில கவுத்து வச்சுடறேன். கடல் ஓரத்துல எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போட்டாலும் சாதா 304 ரகத்துல காப்பிக் கறை மாதிரி வருது, 316 ரகம் கேட்டு வாங்குங்க.

ராயபுரம் ராங்கு

உனக்காவது தானா கழண்டுச்சு, எனக்கு கழட்டிக்கினே போயிட்டான் நைனா. ரயில்வே ஸ்டேஷன் வெளிய நிறுத்திட்டு சாயங்காலம் வந்தா வெறும் பிரேம், நின்னுக்கினே ஓட்டி வீடு வந்தேன், தெரு பசங்க விசில் அடிச்சானுங்க. இப்ப 6 எம்எம் ஆலன் போல்ட், தலையில ஆறு மூலைக் குழி இருக்குமே அது. அதுக்கு 5 எம்எம் கீ, அந்தக் குழிக்குள்ள சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒண்ணு போட்டு மேல சிலிக்கான் தடவிட்டேன். நம்ம கணக்குல சொன்னா ஒன்றரை நூல் குண்டு, 4.76 எம்எம், உள்ள கச்சிதமா உக்காருது, கீ போகாது. கழட்டணும்னா சிலிக்கான நோண்டிட்டு காந்தத்த காட்டுனா குண்டு வந்துரும்.

தண்டையார்பேட்டை ஸ்பேனர்

பால்ரஸ் ஐடியா செமயா கீதுபா, ஆனா எனக்கு வாரத்துக்கு ஒருக்கா சீட்ட தூக்கற வேலை இருக்கு, காந்தத்தோட அலைய முடியாது. நான் தங்கச்சி நெயில் பாலிஷ்ல போல்ட் தலைலேர்ந்து பிரேம் வரைக்கும் ஒரு கோடு இழுத்து வச்சிருக்கேன், கோடு ஒடைஞ்சு தெரிஞ்சா போல்ட் சுத்தியிருக்குன்னு அர்த்தம். மூணு வாரமா நேராதான் இருக்கு. அம்மா இன்னும் ஏறல, வர வெள்ளிக்கெழமைக்கும் மெட்ரோ கார்டுல காசு போடச் சொல்லிட்டாங்க.