இரண்டாம் முறை சிரிப்பு வராத இடம்

முன்பு படித்த புத்தகத்தை மறுபடி படித்த அனுபவத்தை எழுதச் சொல்லி வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது பயண எழுத்தாளர் பில் பிரைசனின் 'எ வாக் இன் த வுட்ஸ்'. 1998இல் வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் மாநிலம் வரை 14 மாநிலங்களில் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலேச்சியன் பாதையில், நாற்பதைத் தாண்டிய பிரைசனும் தொந்தியும் தொப்பையுமான பழைய நண்பர் கேட்ஸும் நடக்கக் கிளம்பிய கதை.

முதலில் படித்தபோது எனக்கு முப்பது வயது. சுமை தாங்காமல் கேட்ஸ் முதல் நாளே உணவுப் பொருட்களைக் காட்டுக்குள் வீசுகிற இடத்தில் ரயிலில் வாய்விட்டுச் சிரித்தேன். எதிரில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

இப்போது எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக மறுபடியும் படித்தேன். நாங்கள் இருப்பது நியூஜெர்சி. பாதை இந்த மாநிலத்தின் வழியாகவும் போவதால், சன்ஃபிஷ் குளம் வரை ஏறி அங்கேயே உட்கார்ந்து பேசலாம் என்று முடிவானது. வழிகாட்ட மரங்களில் தீட்டிய வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே ஏறினோம். புளியோதரையும் இரண்டு லிட்டர் மோரும் என் முதுகில். அரை மணி நேரத்தில் கேட்ஸ் செய்ததன் நியாயம் விளங்கிவிட்டது. கேட்காதவர்களுக்கும் வற்புறுத்தி மோர் ஊற்றினேன்.

குளக்கரையில் பேச்சு மேரி எலனிடம் வந்தது. புத்தகத்தில் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டே வழியில் ஒட்டிக்கொள்ளும் பெண். பிரைசனும் கேட்ஸும் அவரை விட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்று ஆரம்பித்தேன். வட்டத்தில் அதிகம் பேசுகிற தோழி, "என்னையும் அப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தைத் திரும்பப் புரட்டினேன். பிரைசனுக்கும் கேட்ஸுக்கும் பிறகு மனம் உறுத்துகிறது. அந்த வரிகள் முதல் வாசிப்பில் என் கண்ணில் படவே இல்லை.

870 மைல் (சுமார் 1,400 கிலோமீட்டர்), அதாவது பாதையில் 39.5 சதவீதம் மட்டுமே நடந்துவிட்டுப் பிரைசன் புத்தகம் போடலாமா என்றும் ஒரு சண்டை நடந்தது. நாங்கள் ஏறியது நான்கு மைல்கூட இராது.

*

உங்கள் கடிதத்துக்கு என் பதில்: நானும் அண்மையில் இதை மறுபடி படித்தேன். நகைச்சுவை இரண்டாம் முறை கொஞ்சம் நீர்த்துத்தான் போகிறது; கேட்ஸைப் பற்றிய கேலி அலுக்கிறது. மனதில் நின்றவை புத்தகத்தில் வரும் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்கள். 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய், சில பத்தாண்டுகளில் அந்த மலைத்தொடர் முழுவதும் அவற்றை அழித்துவிட்டது. முதல் முறை, அடுத்த சிரிப்புக்காக அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனவன் நான்.