பாலி ஆன்கி அட்டைகள்: இரண்டு சந்தேகம்

பாலி மொழியின் வேற்றுமைகளுக்கு ஆன்கியில் (மனப்பாட அட்டைச் செயலி) அட்டை போடுபவர்கள் உதவுங்கள். 'புத்தஸ்ஸ' என்று மட்டும் முன்பக்கம் போட்டால் நான்காம் வேற்றுமையும் சரி, ஆறாம் வேற்றுமையும் சரி. 'புத்தேஹி' பன்மையில் மூன்றுக்கும் ஐந்துக்கும் பொது. ஒரு விடை மட்டும் எழுதிய அட்டையில் சரியாகச் சொன்னாலும் தப்பாகிவிடும். அதனால் 'புத்தம் சரணம் கச்சாமி' மாதிரி முழு வாக்கியம் வைத்து, ஒரு சொல்லை மட்டும் மறைக்கிறேன். முழு அட்டவணையையும் ஒரே அட்டையில் திணிப்பது வீண்வேலை. ஆனால் எட்டு வேற்றுமைக்கும் எளிய வாக்கியம் எங்கே எடுக்கிறீர்கள்?

அடுத்தது நிக்கஹீதம், அதாவது 'புத்தம்' என்பதன் முடிவில் வரும் மூக்கொலி. ரோமன் எழுத்தில் சில நூல்கள் அதற்குக் கீழ்ப்புள்ளி வைக்கின்றன, சில மேற்புள்ளி. கணினிக்கு இரண்டும் வேறு எழுத்து என்பதால் ஒரே சொல் இருமுறை சேர்ந்துவிடுகிறது. படிப்புக் கணக்கு அழியாமல் எல்லாவற்றையும் கீழ்ப்புள்ளியாக்க, ஆன்கியின் அட்டை உலாவியிலுள்ள 'கண்டுபிடித்து மாற்று' போதுமா? இரட்டை அட்டைகளில் எதை நீக்குவது, பழையதையா புதியதையா?