எஸ்.எச்.ஜி.சி.க்குத் தமிழ்: ‘வெயில்புகு எண்’ பொருந்துமா?

வணக்கம்.

ஜன்னல் கண்ணாடி வெயிலின் வெப்பத்தை எவ்வளவு உள்ளே விடுகிறது என்று சொல்லும் எஸ்.எச்.ஜி.சி.க்கு (Solar Heat Gain Coefficient) இந்தக் கலைச்சொல் இழையில் இதுவரை வந்த தமிழ்ச் சொற்கள் மூன்று: சூரிய வெப்ப ஆதாயக் குணகம், வெயில்தடுப்பு எண், வெப்பம்புகு எண். மூன்றிலும் எனக்கு நெருடல் இருக்கிறது.

முதலாவதில் ‘ஆதாயம்’. பனி கொட்டும் ஊரில் ஜன்னல் வழியே வரும் வெயில் ஆதாயம்தான், ஹீட்டர் செலவு மிச்சம். சென்னையில் மேற்குப் பார்த்த படுக்கையறையில் படுப்பவரிடம் போய் இதை ஆதாயம் என்று சொல்லிப் பாருங்கள்!

‘தடுப்பு’ இன்னும் சிக்கல். கண்ணாடியில் படும் வெயிலின் வெப்பத்தில் எவ்வளவு பங்கு அறைக்குள் வந்து சேர்கிறது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. 0-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும். நம் ஊருக்குக் குறைவாக இருந்தால் நல்லது. தடுப்பு எண் என்று பெயர் வைத்தால், கூடுதலாக இருப்பதுதான் நல்லது என்று நினைத்து 0.8 கண்ணாடியை வாங்கி வந்துவிடுவார்கள்.

‘வெப்பம்புகு எண்’ கிட்டத்தட்ட சரி. ஆனால் வெப்பம் என்ற சொல்லை யு-மதிப்புக்கு, அதாவது வெளியேயும் உள்ளேயும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கசிகிறது என்று சொல்லும் எண்ணுக்கு, விட்டுவைக்க வேண்டும். இரண்டும் வேறு என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். வெளியே 36 டிகிரி, ஏசி அறைக்குள் 26. சாதாரண ஒற்றைக் கண்ணாடியின் யு-மதிப்பு ஏறத்தாழ 5.8. அதாவது 10 டிகிரி வித்தியாசத்தில் ஒரு சதுர மீட்டர் வழியே உள்ளே கசிவது 58 வாட். அதே கண்ணாடியில் சாயங்கால வெயில் 500 வாட் விழுவதாக வைத்துக்கொள்வோம். எஸ்.எச்.ஜி.சி. 0.82 என்றால் 410 வாட் உள்ளே.

இப்போது கடைக்காரர் பேச்சைக் கேட்டு ‘டபுள் கிளாஸ்’ போடுகிறீர்கள். இரண்டும் சாதாரணக் கண்ணாடி, நடுவில் காற்று. யு-மதிப்பு 2.8-க்கு இறங்கும், கசிவு 28 வாட் ஆகும். வெயிலோ 0.7 வீதம் இன்னும் 350 வாட் வந்துகொண்டே இருக்கும். வெயிலைக் கட்டுப்படுத்தும் பூச்சுள்ள 0.3 கண்ணாடி என்றால் அது 150. காசு எங்கே போட வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

ஆகவே என் பரிந்துரை ‘வெயில்புகு எண்’. ‘புகுமுக வகுப்பு’ நாள்தொட்டு ‘புகு’ நமக்குப் பழக்கம்தானே. இதே அச்சில், கண்ணாடி வழியே எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று சொல்லும் வி.எல்.டி.க்கு (Visible Light Transmittance) ‘ஒளிபுகு எண்’ என்று சொல்லலாம். நிறக் கண்ணாடி போட்டவர்கள் பகலிலேயே டியூப்லைட் எரிப்பது இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காததால்தான்.

---

> ‘வெயில்புகு எண்’

ஐயா, எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு கேள்விகள்.

ஒன்று, நிறக் கண்ணாடி வெயிலைத் தானே உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பகுதியை உள்ளே விடும். அதுவும் இந்த எண்ணில் சேர்த்தி. ‘புகு’ என்றால் நேராக நுழைவது மட்டும் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

இரண்டு, பாடநூலில் ‘குணகம்’ இருக்கும்போது ‘எண்’ ஏன்?

---

முதல் கேள்வி நியாயம். நேராக வந்தாலும் கண்ணாடியைச் சுட்டுவிட்டு வந்தாலும் அறைக்குள் வந்தது வெயிலின் வெப்பம்தான், அதனால் ‘புகு’ தாங்கும். வரையறையில் ஒரு வரி சேர்த்துவிடுவோம்.

இரண்டாவதற்கு: பாடநூலில் ‘வெயில்புகு குணகம்’ என்றே போடுங்கள், எனக்கு மறுப்பில்லை. கண்ணாடிக் கடையில் விலைச்சீட்டில் ஏற வேண்டிய சொல் என்பதால்தான் ‘எண்’ கேட்டேன். 2018-ல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா (வீடுகளுக்கான இந்திய எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு), குளிர்ப் பகுதிகள் நீங்கலாக, வீட்டின் வெளிச்சுவர், ஜன்னல் வழியாக வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் யு-மதிப்பும் இந்த எண்ணும் தனித்தனியாகத்தான் வரும். சன்ஷேடு இருந்தால் இந்த எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதால் ‘நிழல்கழித்த வெயில்புகு எண்’ என்று இன்னொன்றும் தேவைப்படும்.

யு-மதிப்புக்கு ‘வெப்பக்கசிவு எண்’ என்று தொடங்கலாமா? ‘வெப்பக் கடத்துத்திறன்’ வேண்டாம். அது பொருளின் குணத்துக்குரிய சொல். அலுமினியச் சட்டம் யுபிவிசி பிளாஸ்டிக்கைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வெப்பம் கடத்தும் என்று சொல்ல அது வேண்டும். முழு ஜன்னலுக்குச் சட்டம், கண்ணாடி, நடுக்காற்று எல்லாம் சேர்த்து ஒரே எண். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.