மறுமொழி: அமெலோபிளாஸ்டோமா – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'பற்சிப்பிப் புற்று' என்றே வைத்துக்கொள்ளலாமே. சுருக்கமாக இருக்கிறது, எல்லாருக்கும் புரியும்.

அன்புள்ள குழுவினருக்கு,

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். 'புற்று' என்று காதில் விழுந்த பிறகு நோயாளிக்கு வேறெதுவும் ஏறாது. அமெலோபிளாஸ்டோமா தாடையெலும்பில் வரும் ஒரு வளர்ச்சி, புற்றல்ல; உடலின் வேறிடத்துக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். இருக்கும் இடத்தில் தாடையெலும்பை அரித்துக்கொண்டே போவதுதான் அதன் குணம். சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வரும் என்பதால், சுற்றியுள்ள நல்ல எலும்பிலும் கொஞ்சம் சேர்த்தே வெட்டுகிறார்கள். இதே வகையில் நிஜமான புற்றும் உண்டு, அமெலோபிளாஸ்டிக் கார்சினோமா. 'புற்று' என்ற சொல்லை அதற்காக விட்டுவைப்போம்.

'கட்டி'யும் எனக்கு ஒப்பவில்லை. இந்த வீக்கம் வலியே இல்லாமல் வருடக்கணக்கில் வளரும். பத்தில் எட்டு, கீழ்த்தாடையில். கட்டி என்றால் பழுத்து உடையும் என்று காத்திருப்பார்கள். அதற்குள் எலும்பு மெலிந்து, விரலால் அழுத்தினால் முட்டையோடு நொறுங்குவதுபோல் தட்டுப்படும். நம்மிடம் 'கழலை' இருக்கிறது, முன்கழுத்துக் கழலை என்று பழகிய சொல்தான். அதில் சீழும் இல்லை, சாவும் இல்லை. நீர்க்கட்டியிலிருந்தும் பிரித்துக் காட்டும். அந்தப் பிரிப்பு வேண்டும்: தாடையில் வரும் இன்னொரு வீக்கமான கெரட்டோசிஸ்ட்டை உலக சுகாதார நிறுவனம் 2005-இல் கழலையாக்கி, 2017-இல் மறுபடி நீர்க்கட்டி என்றது.

அடுத்து 'பற்சிப்பி', அதாவது பல்லின் மேலுள்ள எனாமல். இந்தக் கழலை பற்சிப்பியை உண்டாக்குவதே இல்லை. பழைய பெயர் அடமான்டினோமா கைவிடப்பட்டதும் இதனால்தான்: வைரம்போல் கடினமானது என்ற பொருள் தொனித்தது, உள்ளே இருப்பதோ மென்திசு. 1930-இல் ஐவி, சர்ச்சில் என்ற ஆய்வாளர்கள் இருவர் இப்போதைய பெயரைக் கொடுத்தார்கள். அவர்கள் கைவிட்ட தவறை நாம் ஏன் தமிழில் எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஆகவே என் பரிந்துரை: பற்சிப்பிமுகைக் கழலை. முகை என்றால் அரும்பு; அது ஏன் என்பதை நுண்ணோக்கி காட்டும். எக்ஸ்ரேயில் சோப்பு நுரைபோல் அறையறையாகத் தெரிவதை வைத்து மட்டும் இதை உறுதி செய்ய முடியாது. கெரட்டோசிஸ்ட்டும் அப்படித் தெரியலாம். திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், கழலைச் செல்களின் திட்டுகளில் ஓரத்தில் உயரமான செல்கள் வேலிக்கால் நட்டதுபோல் வரிசையாக நிற்கும், உட்கருக்கள், செல்களைத் தாங்கும் அடிச்சவ்வை விட்டு உள்பக்கம் விலகியிருக்கும். பல் முளைக்கும் முன் பற்சிப்பி அரும்பில் காணும் அதே வரிசை. நோயை உறுதி செய்வது எதுவோ அதுவே பெயரிலும் வந்துவிடுகிறது.

நீளம்தான். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோய். பெரும்பாலும் அறிக்கையில் எழுதப்போகும் சொல். பேச்சில் 'தாடைக் கழலை' போதும்.

'ஓடோன்டோஜெனிக்' (பல்லை உருவாக்கும் திசுவிலிருந்து தோன்றுவது) என்பதற்கு முந்தைய மடலில் வந்த 'பல்மூல' வேண்டாம், பல்வேர் என்று படிப்பார்கள். 'பல்லாக்க' எப்படி? பல் மருத்துவர்கள் சொல்லுங்கள்.